தேங்காய்ப்பட்டணத்துப் பிரெஞ்சு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடுதலை கொடுத்துவிட்டேன். எனக்கும் சேர்த்து மாமி படித்திருந்தாள். மாமி என்றால் அப்பாவின் தங்கை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் நடத்தினாள். முன்னூறு வருடத்துக்கு முந்தைய நாடகங்களை ஆறு வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். தேங்காய்ப்பட்டணத்தில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை.

“டாக்டருன்னா ஒரு ஊசி போடத் தெரியாண்டாமா?” என்பார் பெரியப்பா. நான் மூக்கால் எதையாவது உளறி, “மாமி, இது பிரெஞ்சுதானே?” என்று அவள் பின்னாலேயே திரிவேன்.

எனக்கு ஏழு வயதில், அப்பா போன விசைப்படகு பிரெஞ்சுக்காரர் ஆளும் ஏதோ ஒரு தீவின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. பிடித்து வைத்துவிட்டார்கள். பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. அம்மா சோறு தின்பதை விட்டிருந்தாள். படகு முதலாளி எப்படியோ அந்தத் தீவின் துறைமுக அதிகாரியின் நம்பரைப் பிடித்துக் கொடுக்க, மாமி ரயிலேறி வந்தாள்.

பேச வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பெரியப்பா செல்போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார சாயிப்பு படபடவென்று என்னவோ கேட்டான். மாமியின் முகம் வெளுத்தது.

“என்னட்டீ சொல்லுகான்? ஆளு உசிரோட இருக்காவளா?” என்றாள் அம்மா.

“மனசிலாவல்ல மைனி. புஸ்தகத்துல இவ்வளவு வேகமா யாரும் பேசமாட்டாவ.”

“பின்ன இத்தன வருசமா என்னத்தட்டீ படிச்ச?” என்று பெரியப்பா கத்தினார்.

மாமி நோட்டை மூடினாள். பேசத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு ஒரே ஓட்டமாக. குரல் ஏறியது, இறங்கியது, அதிர்ந்தது. என் மூக்குப் பேச்சுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாசலில் நின்ற மீன்காரிகளும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவள் நிறுத்திய பிறகும் சாயிப்பிடமிருந்து சத்தமில்லை. அப்புறம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“ஏட்டி... நான்தாம்டீ. எல்லாரும் சுகமா இருக்கோம்.”

அப்பாவின் குரல். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் படகை விட்டார்கள். அதற்குள் எங்கள் துறைமுகம் முழுக்க நான் செய்தி பரப்பியிருந்தேன்: “எனக்க மாமி ஏசுன ஏச்சுல சாயிப்புக்கு வாயே அடைஞ்சு போச்சுலே!” மாமி அதைக் கேட்டும் மறுக்கவில்லை.

போன வருடம்தான் கேட்டேன், “அப்பிடி என்னத்த மாமி ஏசுனிய?” என்று.

ஏசவே இல்லையாம். அண்ணன் கடலுக்குப் போய்ப் படிக்க வைத்ததால்தான் உங்கள் மொழியே எனக்குத் தெரியும், அவரைத் திருப்பிக் கொடுங்கள் என்று, அந்த நாடகங்களில் ராணிகள் ராஜா முன்னால் மண்டியிட்டுப் பேசுகிற மாதிரி, முழுக்கக் கெஞ்சல்.

அவ்வளவு கம்பீரமாக ஒருத்தி கெஞ்ச முடியும் என்று ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை.