மாவுக் குண்டான் மூடி

முரளி அண்ணன் கடை ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதன் பிசுபிசுப்புதான். பஜ்ஜி தின்ற விரல், மூக்கைத் துடைத்த விரல், பேருந்துக் கம்பியைப் பிடித்துவிட்டு வந்த விரல் என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கைகள் பூசிய பிசுக்கு, பொத்தான்களின் ஓரத்தில் கறுப்பு அழுக்காகத் திரண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் உருண்டையாக வரும். அதைக் கீழே சுண்டிவிட்டுத்தான் ஆட ஆரம்பிப்போம். இன்றைக்கு இதை எழுதும்போதுகூட எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வரத் தோன்றுகிறது.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்குத் திரும்பும் சந்தில் இருந்தது அந்தக் கடை. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பழைய டி.வி., அவற்றின் கீழே இரண்டு கறுப்பு வீடியோ கேம் பெட்டிகள், ஒரு பாய், ஜன்னலே இல்லாத சுவர், ஷூவைக் கழற்றிப்போட்ட இருபது பையன்களின் காலுறை நாற்றம். இதைத்தான் நாங்கள் சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெட்டியின் அடுத்த மாடல் வரப்போகிறது என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பியது, அன்றிலிருந்து கடையில் ஆட்டம் பாதி, அளப்பு பாதி என்று ஆகிவிட்டது.

செய்தவர்கள் எங்கோ கடல் தாண்டி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாங்கள் பேசினோம். "ஒயரே இருக்காதாம்." "அடி வாங்கினா நம்ம கைக்கும் வலிக்குமாம்." "டி.வி.யே வாணாமாம், சுவத்துலயே தெரியுமாம்." எல்லாருக்கும் துபாயில் ஒரு மாமா இருந்தார், எல்லா மாமாவும் அதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஒருத்தன் சொன்னதை அடுத்தவன் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பிச் சொல்லாவிட்டால் அவனுக்கு அந்தப் பாயில் இடம் கிடையாது. முரளி அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டே, "அட்த்த மாசம் நம்ம கடைக்குத்தான்டா மொதல்ல எறங்குது, சொல்லி வச்சிக்கீறேன்" என்பார். யாரிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

என் நண்பன் அன்வர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பையன். அவன் சித்தப்பாவுக்குச் சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடை இருந்ததால், பேசுவதற்கு முன்னால் யாரிடமாவது விசாரிக்கும் கெட்ட பழக்கம் அவனுக்கு உண்டு. ஒருநாள் அவன் நெட் சென்டரிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். புது மெஷினின் படம் என்று எவனோ இணையத்தில் போட்டிருந்ததாம். மை தீர்ந்துபோன பிரிண்டரில் எடுத்த அந்தத் தாளில், மேலே வளைந்த ஒரு கறுப்புத் தீற்றலும் அதில் கோடு போல ஒரு வெள்ளைக் கீறலும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. "இது பொய்யாக்கூட இருக்கும்னு சித்தப்பா சொன்னாரு" என்றான் அன்வர். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "இத மாரியே எங்க ஊட்ல ஒண்ணு கீது" என்று சொன்னேன்.

அது என்ன என்று சொல்ல வேண்டும். என் அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புக் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். ஒன்பது வருடமாகக் காண்டிராக்ட். அந்த வருடம் தீபாவளி முடிந்து ஒட்டப்போகும் பட்டியலில் அவர் பெயர் நிச்சயம், "பர்மனென்ட்" ஆகிவிடுவார் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். அம்மா அந்தச் சொல்லைச் சாமி பெயர் மாதிரி உச்சரிப்பாள்.

எங்கள் பக்கத்துத் தொழிலாளர் வீடுகளில் அப்போது பாதிப் பொருள் "ரிஜக்ட் பீஸ்"தான். அச்சில் சரியாக வராததை எல்லாம் அரைத்துத் திரும்பக் காய்ச்ச வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஆனாலும் சின்னதாக ஒன்றிரண்டு சாப்பாட்டுப் பையில் வெளியே வந்துவிடும், சூப்பர்வைசரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். எங்கள் சோப்புப் பெட்டி ஏதோ பேட்டரியின் மூடி, உப்பு ஜாடி எதனுடைய அடிப்பாகமோ. அப்படி வந்ததுதான் அந்தக் கறுப்பு மூடியும். பளபளவென்று வளைந்து, ஓரத்தில் நீளமாக ஒரு ஓட்டையோடு இருந்தது. சூடு ஆறும்போது நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்துவிட்டதால் கழித்துக்கட்டியது. அந்தப் பள்ளத்தைச் "சிங்க்" என்பார் நைனா. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அம்மா அதை இட்லி மாவுக் குண்டானுக்கு மூடியாக்கிக்கொண்டாள்.

"இன்னா நைனா இது?" என்று நான் கேட்டபோது, "தெர்லபா, புது பார்ட்டி மாலு" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. தெரியாது என்று அவர் சொன்னதை, சொல்லக்கூடாது என்று எடுத்துக்கொண்டது என் புத்தி.

மறுநாள் மாவை மேலோட்டமாகக் கழுவிவிட்டு மூடியைக் கொண்டுபோனேன். முரளி அண்ணன் வாங்கி, திருப்பி, முகர்ந்துகூடப் பார்த்தார். புளித்த மாவு வாடை நிச்சயம் வந்திருக்கும். பிறகு அந்தத் தாளையும் மூடியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "டேய், இது அதோட மேல்மூடிடா. இந்தா, இதான் டிஸ்க் சொருகற வாயி" என்றார். அவ்வளவுதான். ஓட்டையில் கயிறு கோத்து மூடியைச் சுவரில் மாட்டினார்கள். எனக்கு ஓசியில் ஆட்டம், டி.வி.க்கு நேர் எதிரே இடம். "இது ஏதோ டப்பா மூடி மாரி கீதுடா, தணிகா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்ன அன்வரைப் பொறாமை பிடித்தவன் என்று எல்லாரும் சேர்ந்து வெளியே தள்ளினார்கள். அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டத்தில் இருந்தேன்.

பேச்சு வளர்ந்தது. புது மெஷின் எங்கள் ஊரிலேயே ரகசியமாகத் தயாராகிறதாம். என் நைனாவிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். இதில் எதையும் நான் சொல்லவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. "ஆமாவாடா?" என்று கேட்டால் சும்மா சிரிப்பேன். பொன்னேரியிலிருந்தெல்லாம் பையன்கள் ரயிலேறி வந்து மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் நான்கு பேர், அதோடு நிற்காமல், தொழிற்பேட்டைக்கே நடந்துபோய்க் கம்பெனி வாட்ச்மேனிடம், "அண்ணா, மெஷினு எப்போ வெளிய வரும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மேனேஜர் ஸ்கூட்டரில் கடைக்கு வந்தார். நேராகச் சுவரிலிருந்து மூடியை எடுத்து, உள்பக்கம் திருப்பி, அச்சில் பதிந்திருந்த எண்ணைப் பார்த்தார். "யார் கொண்டு வந்தது?" முரளி அண்ணன் பல்குச்சியை எடுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணியும் தெரியாது சார், இந்தப் பையன்தான் தானா வந்து மாட்னான்" என்று என்னைக் காட்டினார். மேனேஜர் என்னிடம் கொஞ்சம் அன்பாகத்தான் கேட்டார். "பயப்படாத. இது எதுக்குடா உங்க ஊட்ல?"

மாவுக் குண்டானை மூட, சார். நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான், பொய்கூட இல்லை. ஆனால் பின்னால் இருபது பையன்கள் மூச்சு விடாமல் நின்றார்கள். மாவு என்று சொன்னால் கடை கூரை பிய்த்துக்கொண்டு சிரிக்கும். நான் நிமிர்ந்து நின்று, "புது மெஷினோட மூடி சார். காட்றதுக்கு எங்க நைனாதான் எடுத்தாந்து குட்த்தாரு" என்றேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போன நைனாவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். திருட்டு என்பதோடு விடாமல், வாடிக்கையாளரின் மாதிரியைப் போட்டிக் கம்பெனிக்குக் கடத்துகிறாயா என்று கேட்டார்களாம். மாவுக் குண்டானை மூடத்தான் எடுத்துப் போனேன் என்று அவர் சொல்ல, "உன் பையனே வேற சொல்றான்யா" என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாவோடு அந்தக் குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாடா" என்றாள்.

ஒன்றரை மைல். வெயிலில் மாவு பொங்கி, விளிம்பைத் தாண்டி அவள் கையிலும் புடவையிலும் வழிந்தது. லாரிகள் போகும் சாலையில் திறந்த மாவுக் குண்டானோடு ஒருத்தி நடந்தால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? கேட்டருகே நைனா வேப்பமர நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அந்த மூடியக் கொண்டாங்க சார், இங்கியே மூடிக் காட்றேன்" என்றாள் அம்மா. மேனேஜர் முதலில் முறைத்தார், பிறகு கொண்டுவரச் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்துவிட்டு மூடியை வைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. உள்பக்க விளிம்பில் பழைய மாவு காய்ந்து வெள்ளைக் கோடாக ஒட்டியிருந்தது, அதையும் காட்டினாள். சூப்பர்வைசர் சிரிப்பை அடக்க முடியாமல், "குப்பைத் தொட்டி மூடிமா அது. அந்த ஓட்டை கீல் மாட்றதுக்கு. அதப் போயி மாவுக்குப் போட்டுக்கினு கீறியே" என்றார்.

"புச்சுதானே சார்" என்றாள் அம்மா.

"அன்னிக்கு வேற சொன்னியே?" என்று மேனேஜர் என்னிடம் திரும்பினார். "பொய் சார்" என்றேன். கேட்பதற்கு அந்த இருபது பேரில் ஒருத்தன்கூட அங்கே இல்லை.

திருட்டுக் கேஸ் போனது, வேலையும் தப்பியது. ஆனால் கம்பெனிப் பொருளை வெளியே எடுத்தது எடுத்ததுதானே. அன்று மத்தியானம் மேனேஜர் நின்று பார்க்க, நைனாவே அந்த மூடியை அரைக்கும் மெஷினில் போட்டு அரைத்தாராம். தீபாவளி கழித்து ஒட்டிய பட்டியலில் அவருக்குப் பிறகு சேர்ந்த இரண்டு பேரின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து, சோப்புப் பெட்டி, உப்பு ஜாடி எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டுப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனிடம் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு அம்மா மாவுக் குண்டானைச் சாப்பாட்டுத் தட்டால்தான் மூடினாள்.

கடையில் என்ன பேசினார்கள் தெரியுமா? "தணிகா நைனாவப் புட்ச்சிட்டாங்கடா. அப்ப மேட்டரு உண்மதான்!" குப்பைத் தொட்டி மூடி என்று நானே போய்ச் சொன்னபோது, கம்பெனிக்காரன் அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டிவிட்டான் என்று முரளி அண்ணன் எல்லாருக்கும் விளக்கினார். ச்சீ என்று வந்துவிட்டது. அந்தப் பாயில் அதன் பிறகு நான் உட்காரவில்லை. அன்வரின் குடும்பம் அடுத்த வருடம் பழவேற்காட்டுக்கே போய்விட்டது. அவனிடம் நான் மன்னிப்பு கேட்கவே இல்லை.

மெஷின் ஒருவழியாக வந்தபோது அந்த மூடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை வாங்க எங்களில் எவனுக்கும் வக்கும் இல்லை. முரளி அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ரிஜக்ட் பீஸ் வைத்திருக்கும் வீடும் இன்று அந்தப் பக்கம் கிடையாது. கேட்டில் கேமரா வந்துவிட்டது. நைனா கடைசிவரை காண்டிராக்டாகவே இருந்து, கையில் ஒன்றும் வராமல் வேலையை விட்டு நின்றுகொண்டார்.

இப்போது நாங்கள் திருநின்றவூரில் இருக்கிறோம். போன மாதம் என் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். அடுத்த மெஷின் பற்றிப் போனில் ஒரு வீடியோ. மங்கலான ஒரு கறுப்புத் துண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஒருவன் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தான். "லீக் ஆயிடுச்சு மாமா, ஃபேக்டரியிலிருந்தே எவனோ எடுத்திருக்கான்" என்றான் பையன், கண்கள் மின்ன. எனக்கு அந்தக் காலுறை நாற்றமே மூக்கில் ஏறியது. அதை அணைத்துத் தொலை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா, "இன்னாபா அது, குடு" என்று கை நீட்டினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"நட்வுல சிங்க் வுயிந்துகீது. ரிஜக்ட் பீஸு" என்றார். "எவனோ ஊட்டுக்கு எடுத்தாந்துகீறான்."

போனைப் பையனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பாவம், இன்னா பொயப்போ அவனுக்கு" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.