ஆர்கோவின் வம்சம்

ரோஸ்மாரி லேடர்மன் தன் நாய்கள் செத்தால் அழுவதில்லை. எங்கள் மலைநாட்டுச் சிற்றூர் லாங்னாவின் கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது, நாயைப் பிடித்துக்கொள்வது என்று பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கறவை மாடு போனாலே ஆண்கள்கூட மூக்கைச் சிந்துகிற இடம் அது. அவள் வெறும் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காருக்குப் போவாள்.

ட்ரூப் ஊருக்கு மேலே சரிவில் அவள் பண்ணை. புருஷன் போனபின் பசுக்களை விட்டுவிட்டு, பெர்னர் இனத்துப் பெரிய மலைநாய்களை மட்டும் வைத்துக்கொண்டாள். அவளுடைய ஆர்கோ நாய்க் கண்காட்சியில் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிய ஆண் நாய். எங்கிருந்தெல்லாமோ பெட்டை நாய்களைக் கூட்டிவந்து அவனோடு சேர்த்தார்கள். பெர்னர் ஏழெட்டு வயதைத் தாண்டுவதே பெரிய விஷயம். ஆர்கோ பத்து வயது வரை மலையேறினான். அதனால் அவன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

செத்ததெல்லாம் அவன் பிள்ளைகள். ஐந்து வயதில், ஆறு வயதில், மண்ணீரலிலோ நுரையீரலிலோ புற்றுநோய். சாப்பிடாமல் இரண்டு நாள் படுத்திருக்கும், மூன்றாம் வாரம் இருக்காது. ஒவ்வொன்று போனபோதும் ரோஸ்மாரி அதன் ரத்தத்தையும் கட்டியில் ஒரு துண்டையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். இந்த நோய் பரம்பரையாக வருவது எப்படி என்று டாக்டர் நாடின் கெர்பர் அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார். பதினொரு வருடம் அனுப்பினாள்.

ஓர் அக்டோபரில் டாக்டரே நேரில் வந்தார். அன்றைக்கு நாய்க்குட்டிகளுக்கு ஊசி போட நானும் அங்கே போயிருந்தேன். சமையலறை மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தார். வம்சாவளி. செத்த நாய்களெல்லாம் கறுப்பு வட்டம்.

"இவ்வளவும் யாரோட பிள்ளைங்க?" என்றாள் ரோஸ்மாரி.

"ஆர்கோவோடது. பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும்."

"அவன் நல்லாதானே இருந்தான்?"

"அவனுக்கு வரலை. ஆனா கொடுத்துட்டுப் போயிருக்கான். ஒரே ஒரு மரபணுவால வர்றதில்லம்மா, பல சேர்ந்து வர்றது. அது அவன் வழியில ரொம்ப அடர்த்தியா இறங்கியிருக்கு." டாக்டர் தாளைச் சுருட்டினார். "கட்டுரையில பேர் போடாமதான் எழுதுவோம். வெளிய யாருக்கும் தெரியாது."

"தெரியலைன்னா இன்னும் சேர்த்துக்கிட்டே இருப்பாங்களே."

ரோஸ்மாரி எழுந்து உருளைக்கிழங்கைத் துருவ ஆரம்பித்தாள். "ரோஷ்டி பண்றேன், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். மூன்று பேருக்கும் பரிமாறினாள். அவள் தட்டில் இருந்தது அப்படியே ஆறிப்போயிற்று.

நவம்பரில் நாய் வளர்ப்போர் சங்கக் கூட்டம். 'கரடி' விடுதி மாடியில் நாற்பது பேர். அவள் எழுந்து, செத்த நாய்களின் பெயரையும் வயதையும் வாசித்தாள். கடையில் விலைப்பட்டியல் படிக்கிற குரல். கடைசியில், "இவ்வளவும் என் ஆர்கோ வழி. இனி இந்த வழியில யாரும் சேர்க்காதீங்க" என்றாள்.

ஹான்ஸ்யோர்க் வூத்ரிக் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அவனிடம் ஆர்கோவின் பேத்திகள் மூன்று இருந்தன.

"கோப்பை வாங்கினப்போ இந்தப் பாட்டைப் பாடலையே, ரோஸ்மாரி!"

"அப்போ தெரியாது."

"உன் நாயைப் பத்தி என்ன வேணா சொல்லிக்கோ. எங்க நாயை ஏன் இழுக்குற?"

"உன்னோடதும் அவன் ரத்தம்தானே, ஹான்ஸ்யோர்க்."

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் பீர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு கடைத்தெருவில் இரண்டொருவர் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள்.

அவள் தன்னிடம் குட்டி வாங்கிய அறுபத்து மூன்று வீட்டுக்கும் போன் செய்தாள். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து. பர்க்டார்ஃபில் தனியாக இருக்கும் வால்ட்டர் என்பவர், "என் பெல்லாவுக்கு அஞ்சு வயசு, துள்ளிக்கிட்டுத் திரியுது. இதை எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க? இனிமே அது இருமினாக்கூட எனக்குத் தூக்கம் வராது" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சிக்குப் பெல்லாவோட ரத்தம் கொடுக்க முடியுமான்னு கேட்டேன். போனை வச்சுட்டார்."

"கஷ்டமா இல்லையா?"

"பனியில கை மரத்துப்போனா ஊசி குத்தினாலும் தெரியாதுல்ல? அப்படித்தான் இருக்கு. அடுத்த நம்பரைப் போட்டேன்."

வசந்தத்தில், ஆர்கோ வழியில் வந்த அவளுடைய பெட்டை நாய் மைகாவுக்கு இணை பேசியிருந்தது. குட்டிக்கு ஒன்பது குடும்பங்கள் காத்திருந்தன. ரோஸ்மாரி மைகாவைக் கருப்பை எடுக்கக் கூட்டிவந்தாள். இரண்டு வயது, இருபத்தாறு வருட வளர்ப்பில் மிச்சமிருந்த ஒரே பெட்டை. எங்கள் டாக்டர் "நிச்சயமாவா?" என்றார். "மயக்க ஊசி போடுங்க" என்றாள். மயக்கம் வரும்வரை நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

நாற்பத்தொரு வீடுகளிலிருந்து ரத்தம் வந்தது. வால்ட்டரும் இரண்டு மாதம் கழித்து அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல். அவற்றைக் கொண்டு உருவாக்கிய, குட்டியாக இருக்கும்போதே அபாயம் கூடுதலா குறைவா என்று ஓரளவு சொல்லும் பரிசோதனை ஒன்று இன்று சங்கத்தில் இருக்கிறது. வரும், வராது என்று அறுதியிட்டுச் சொல்லாது.

ஹான்ஸ்யோர்க் அவள் பேச்சைக் கேட்கவில்லை; அந்தப் பேத்திகளிடம் இரண்டு முறை குட்டி எடுத்தான். போன ஏப்ரலில் அதிலொன்றைத் தூக்கிவந்தான், நான்கு வயது, தோளில் முட்டை அளவுக்கு வீக்கம். காத்திருக்கும் அறையில் ரோஸ்மாரி மைகாவோடு உட்கார்ந்திருந்தாள், தடுப்பூசிக்கு. அவன் அவளைப் பார்க்காமல் என்னிடம், "அந்த ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுக்கிறதுன்னா எங்க எழுதணும்?" என்றான். படிவத்தையும் பேனாவையும் கொடுத்தேன்; நாயின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நின்றான்.

ரோஸ்மாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தாய் பேர் சொல்லு" என்றாள். அவன் சொன்னான். "பிறந்த தேதி?" அதையும் சொன்னான். கொள்ளுத்தாத்தா பெயருக்கான இடத்தில் அவள் கேட்காமலே ஆர்கோ என்று எழுதினாள்.