லெப்டொப்புக்குள் நுழையாத கார்ட்

லெப்டொப்பின் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வேறொன்று மாட்ட முடியுமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கேட்பவர்கள் மேல் தவறில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால்தான்.

யுத்தத்தின் கடைசிக் காலம். லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபடி டவுன் ஸ்டூடியோ ஒன்றுக்குக் கல்யாண அல்பம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் மொத்தக் கடையொன்றில் வேலை செய்த அண்ணன், பழைய லெப்டொப் ஒன்றை வாங்கித் தந்திருந்தான். ஒருநாள் திரையில் கோடு கோடாக விழுந்தது. பிறகு ஒரேயடியாக இருண்டுவிட்டது. ஹட்டனில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "கிராபிக்ஸ் போயிருச்சு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். மகராசன், இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "அதுக்கென்ன, புதுசு வாங்கி மாட்டிருவோம்" என்றான். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ரேடியோ முதல் தோட்டத்து லொறி வரை எல்லாமே ஒன்றின் சாமானை இன்னொன்றில் மாட்டித்தான் ஓடின. அக்கம்பக்கத்து டீவிகளைத் திறந்து சரிசெய்தவனே அண்ணன்தான்.

தீபாவளிக்கு லீவு கிடைத்ததும் கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். பச்சைப் பலகை, செம்புக் குழாய், நடுவில் குட்டி விசிறி. மேசையில் வைக்கும் பெரிய கொம்பியூட்டருக்கு மாட்டுகிற கார்ட் அது. வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். தமிழ்ப் பையன், கையில் கம்பியும் சிப்பும். என்ன இது என்று கேட்டதற்கு, தங்கச்சியின் லெப்டொப்புக்கு என்று உண்மையைத்தான் சொன்னான். அங்கிருந்த அதிகாரிக்குக் கொம்பியூட்டர் தெரிந்திருந்தது. அதுதான் எங்கள் கெட்ட காலம். லெப்டொப்பில் அது மதர்போர்டோடு பற்றவைத்தே வரும், இதை அதற்குள் நுழைக்கவே முடியாது, ஆகவே நீ சொல்வது பொய் என்று சொல்லிப் பிடித்து வைத்துவிட்டார். ஒன்றும் தெரியாத அதிகாரியாக இருந்திருந்தால் விட்டிருப்பார்.

அவனைப் பற்றிப் பொலிஸ் விசாரித்ததாகக் கடை முதலாளி போன் பண்ணித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் அப்படி உள்ளே போன பையன்கள் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்தது. அம்மா சோற்றைத் தொடவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை என்று காட்ட எங்களிடம் வேறு சாட்சி கிடையாது. செத்த லெப்டொப்பைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு நானும் அப்பாவும் அவனை வைத்திருந்த பொலிஸுக்குப் பஸ்ஸில் போனோம்.

அங்கே விசாரித்த அதிகாரி, அண்ணனைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, லெப்டொப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. கார்டை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். லெப்டொப்பில் பாதியை மறைத்தது.

"இவ்வளவு பெரியதை இதில் எங்கே மாட்டுவான்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்பா கைகூப்பிவிட்டார். தெரிந்த சிங்களத்தில், "மாத்தயா, என் மகன் மோடயா. ஒன்றுமே தெரியாத மோடயா" என்றார். பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே மடையன் என்றார். "ஒவ் மாத்தயா" என்று அண்ணனும் தலையாட்டினான். அதிகாரி சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

விட்டுவிட்டார்கள். கார்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் வலது கை வீங்கியிருந்தது. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நான் சும்மா சொன்னேன்டா. ஒன்னய வெளிய எடுக்கணும்ல."

"இல்லப்பா" என்றான் அண்ணன். "சரியாத்தான் சொன்னீங்க."