மஞ்சள் குதிரைக்கு மானியம்

குதிரைப் பந்தயம் மறுபடி வரப்போகிறது என்ற பேச்சோடுதான் எங்கள் வீட்டுக்குப் பயமும் வந்தது. யாங்கோன் ஓரத்து லாயம் ஒன்றில் என் கணவர் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு குதிரைக்கு ஓர் ஆள். குதிரையின் தீனிக்கும் ஆளின் சம்பளத்துக்கும் அரசாங்கம் மானியம் தருகிறது, ஆனால் ஓடத் தகுந்த குதிரைக்கு மட்டும்தான். அவ்வப்போது ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் கழித்துவிட்டால் குதிரை மேல் பர்மாவுக்கு வண்டி இழுக்கப் போகும், கணவர் வீட்டில் வந்து உட்காருவார்.

எங்கள் பேட்டையான தாமுவேயின் சந்தையில் இதைச் சொல்லி அனுதாபம் தேட முடியாது. "மனுசனுக்கே சோறு எட்டல, குதிரைக்கு சர்க்கார் கொள்ளு போடுதா?" என்று கீரைக்கார அக்கா கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் கொள்ளில்தான் எங்கள் சோறும் இருக்கிறது என்பதால் வாயை மூடிக்கொண்டு கீரையை வாங்கி வந்தேன்.

ஒரு தடவை அதிகாரி வருவதற்கு முன்னால் குதிரைக்குத் தீனியில் மனமில்லை. சோம்பிப்போய் நின்றது. கணவரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பரிசோதனை நாளன்று தூக்குச்சட்டியோடு நானே லாயத்துக்குப் போனேன். அங்கே வெள்ளைக் குதிரை தலை முதல் வால் வரை மஞ்சளாக நின்றது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"அம்மன் கோயில் மஞ்சத் தண்ணி. நெத்தியில தெளிக்கலாம்னுதான் நெனச்சேன். மனசு கேக்கல, குடத்தோட ஊத்திட்டேன்."

மஞ்சள் தண்ணீரில் எத்தனையோ மங்கலம் உண்டு, எனக்கென்னவோ பலி ஆடுதான் ஞாபகம் வந்தது. வெட்டுவதற்கு முன் ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஆட்டின் கதை முடிந்தது.

"சிலுப்புச்சா?" என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

சோப்புப் போட்டுத் தேய்த்தோம். நுரை மஞ்சளானதுதான் மிச்சம். அதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது.

அவர் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "வெள்ளைக் குதிரை எங்கே?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"இதுதான், சயா," என்றார் கணவர். சயா என்றால் ஐயா.

"தனக்கா பூசிவிட்டாயா?"

பர்மாக்காரர்கள் அரைத்து முகத்தில் பூசும் மஞ்சள் நிற மரப்பட்டைச் சாந்துதான் தனக்கா. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒரு குதிரையைக் காட்டி இன்னொன்றின் பேரில் தீனி வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்."

வீட்டில் அவ்வளவு வாயடிக்கும் மனிதர் அங்கே நாக்கு ஒட்டிப்போய் நின்றார். கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. நான் முந்திக்கொண்டேன். "எங்கள் சாமிக்கு வேண்டுதல், சயா. இந்தக் குதிரை தேற வேண்டும் என்று ஊற்றியது."

அவர் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "ஓட்டிக் காட்டு," என்றார்.

அத்தனை நாள் சோம்பிக் கிடந்த குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அம்மன் ஓட்டினாள் என்று கணவர் இன்றும் சொல்கிறார். சோப்பு எரிச்சல் என்பது என் கட்சி. எப்படியோ, மானியம் தப்பியது. அதிகாரி பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தார். "அடுத்த தடவை இந்தப் படத்தோடு ஒத்துப்போக வேண்டும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வீடு வரும்வரை பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்தோம். கொஞ்ச நாளில் மஞ்சள் வெளுத்து, குதிரை பழையபடி வெள்ளையானது. அப்போதுதான் அதிகாரி கடைசியாகச் சொன்னது உறைத்தது: அவர் கைப்பேசியில் இப்போது இருப்பது மஞ்சள் குதிரை.

இப்போது அதிகாரி வருகிறார் என்றால் நான் மஞ்சள் இடித்துக் கொடுக்கிறேன், கணவர் கரைத்து ஊற்றுகிறார். ஊற்றிவிட்டு, சிலுப்பிவிடக் கூடாதே என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். குதிரை ஒவ்வொரு தடவையும் சிலுப்புகிறது.