இரண்டு நாளைக்கு எங்கள் வீடு

அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. தங்கையைப் பெண் பார்க்க வருவதாகக் கண்டி டவுனிலிருந்து ஒரு குடும்பம் சொல்லியனுப்பியிருந்தது. சொந்தக் கடை, பையனுக்கு மாநகர சபையில் வேலை. அப்படிப்பட்டவர்களை ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக இருக்கும் லயத்து வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்கு வழுக்குப் பாதையில் ஏற்றிக் கொண்டுபோய், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே உட்காரவைப்பதா? நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. நான் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கிளார்க்; தங்குவதும் அங்கேயேதான். நாலு பேரைப் பார்த்தவள் என்ற மிதப்பு வேறு. வீடு எங்கே என்று கல்யாணத் தரகர் கேட்டதும், "கண்டியிலதான், வாவிக்குப் பக்கத்துல" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதை மெய்யாக்க வேண்டுமே! சுற்றுலாக்காரர்கள் தங்கும் அப்பார்ட்மென்ட் ஒன்றைப் போனில் தேடிப் பிடித்து இரண்டு நாளைக்கு எடுத்தேன். நாலாவது மாடி. பல்கனியில் நின்றால் கீழே வாவி, எதிரே தலதா மாளிகைக் கோயிலின் கூரை. பூசை நேரத்து மேளச் சத்தம்கூடக் கேட்டது. டவுனுக்கு நடந்தே போய்விடலாம். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். தங்கை ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இது வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

"வாய மூடு. ஒனக்காகத்தான் இவ்வளவும்," என்று எரிந்து விழுந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஏற்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. தங்க வருபவர்களுக்கென்று சுவரில் மாட்டியிருந்த விதிமுறைகளைக் கழற்றி அலுமாரிக்குள் ஒளித்தேன். எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று மனப்பாடம் செய்தேன். எங்கள் மூன்று பேரின் செருப்பையும், பல நாள் அங்கேயே கிடந்த மாதிரி, வாசலில் கொஞ்சம் தாறுமாறாகப் போட்டேன். அப்பாவிடம், "நீங்க ஒண்ணும் பேச வேணாம். கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க," என்றேன். தலையாட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பையனும் அவனுடைய அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்து, பல்கனிப் பக்கம் பார்த்து, "நல்ல எடம்," என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கை தேத்தண்ணி கொண்டுவந்தாள். பையன் அவளைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் முடிந்த மாதிரி இருந்தது. அந்த அம்மாவும் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணோட அம்மா தவறிட்டாங்கன்னு தரகர் சொன்னாரு. எங்க வழக்கத்துல, இல்லாதவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும். அவங்க படத்துக்கு முன்னுக்குப் பொண்ணு ஒரு விளக்கேத்தட்டும். அப்புறம் பேசுவோம். சாமித்தட்டு எந்தப் பக்கம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் சாமிப் படங்களும் அம்மாவும் ஒரே தட்டில்தான் இருக்கிறார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது, அம்மாவுக்கென்று இருப்பது அந்த ஒரு படம்தான். பூச்சாடி வாங்கினேன், மேசை விரிப்பு வாங்கினேன், வடைக்கு நல்ல கடை எது என்று விசாரித்தேன். அம்மாவைக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. பெற்ற தாயை மறந்துவிட்டு வந்திருக்கிறேனே, பாவி!

"பெயின்ட் அடிச்சோம்... எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிருக்கு," என்று உளறினேன்.

"அதுக்கென்ன, வெளிய எடுங்க. மேசையில வச்சிக்கலாம்," என்று அவர் எழுந்தேவிட்டார்.

நான் அலுமாரிக் கதவில் கையை வைத்தபடி நின்றேன். திறந்தால் நான் ஒளித்துவைத்த விதிமுறைகள்தான் இருக்கும். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"அவ வீட்டுல இருக்காம்மா. நாங்கதான் இங்க வந்திருக்கோம்."

"எந்த வீட்டுல?"

"ஹுன்னஸ்கிரிய. தோட்டத்து லயம். இது ரெண்டு நாளைக்கு எடுத்தது."

ஐயோ, அந்த நிமிடம்! தங்கை முகத்தில் ஈயாடவில்லை. பையன் அவனுடைய அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"லயத்துல பொண்ணு எடுக்க மாட்டோம்னு நாங்க சொன்னோமா?"

"இல்லங்க."

"பின்ன?"

ஏமாற்றுக்காரி என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுல இருப்பீங்களா? விளக்க அங்கயே ஏத்துவோம். ஆனா இன்னொரு பொய் வந்துச்சுன்னா எழும்பிப் போயிருவோம்."

"வாங்கம்மா. பாத கொஞ்சம் வழுக்கும், பாத்து வரணும்," என்றார் அப்பா.

அவர்கள் போனதும் எனக்கு உயிர் வந்தது. உடனே பழையபடி ஆரம்பித்துவிட்டேன். தகரத்தை மாற்ற வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஆபீசுக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அடுக்கினேன். அப்பா சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ லீவு போடாத," என்றார்.

"ஏன்ப்பா?"

"எங்களப் பாத்து வெக்கப்படுற பிள்ள அங்க நின்னா, வர்றவங்களுக்கும் அதுதான் தெரியும். நீ வராதம்மா."

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். தங்கை எனக்காகப் பேசுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குனிந்து கட்டிலில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, அம்மாவின் படத்துக்கு முன்னால் தங்கை விளக்கேற்றினாள். நான் பல்லேகலவில், ஆபீசில் இருந்தேன்.