கெடாவில் கால் சென்டருக்கு இடம் பார்த்த கதை

கால் சென்டர் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: திட்டுகிறவர் முகத்தை நாம் பார்க்க வேண்டியதில்லை. பதினோரு வருஷம் பினாங்கில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த வசதியை நான் முழுசாக அனுபவித்திருக்கிறேன். யாராவது "ஹலோ" என்றதும் தன்னையறியாமல் "உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்று கேட்டு வைக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம் இனம்தான். உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

ஒருநாள் என் முதலாளி கூப்பிட்டு, "சாந்தி, நீ பேசினது போதும். இனிமேல் இடம் பார்" என்றார். சிங்கப்பூர் ஹோட்டல் கம்பெனி ஒன்று, தனக்கு வரும் போன்களை எடுத்துப் பேசும் வேலையை வெளியே கொடுக்க முடிவு செய்திருந்தது. கடல் தாண்டி எங்கோ தூரத்துக்கு அனுப்பாமல், அவர்கள் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிற பக்கத்து நாடான மலேசியாவிலேயே வைத்துக்கொள்வது. இதற்குத் தொழிலில் 'நியர்ஷோர்' என்று பெயர். கோலாலம்பூரில் ஆட்கள் வருஷத்துக்கு இரண்டு கம்பெனி மாறுகிறார்கள். அதனால் வடக்கே கெடா மாநிலத்தில் இடம் பார்க்கச் சொன்னார்கள். நான்கு மாதத்தில் சரியான இடம் கிடைக்காவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்றும் சொன்னார்கள். ஒரு ஊருக்குள் போய் 'இங்கே உட்கார்ந்து பேச முடியுமா?' என்று மட்டும் பார்ப்பது ஒரு வேலையா என்று முதலில் நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக் குருவிகள்

அலோர் ஸ்டாரில் காசிம் பாயின் கட்டடத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. கீழே அவருடைய சாப்பாட்டுக் கடை, மேலே இரண்டு மாடி காலி. ஜெனரேட்டர் இருந்தது, இரண்டு கம்பெனியின் இணைய லைன் இருந்தது, கார் நிறுத்த இடம் இருந்தது. "கரண்டே போகாதும்மா. போனாலும் நீங்க கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துரும்" என்றார் பாய். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடமானாலும் அங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் போனில் பேசிப் பார்ப்பேன். சிங்கப்பூரிலிருந்து இந்த வேலையைக் கவனித்துக்கொண்ட மிஸ் டானைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிஷம் பேசியிருப்பேன். "சாந்தி, நீ காட்டுக்குள்ளேயா இருக்கிறாய்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒட்டியிருந்த கட்டடத்தில் ஜன்னலே இல்லை, சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும். வாலிட் குருவி வளர்க்கிறார்கள். அதன் கூட்டைத்தான் சூப்புக்கு விற்பார்கள். குருவிகளை உள்ளே இழுக்க, குருவிச் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் நாள் முழுக்க ஓட விடுகிறார்கள். வேலை நேரத்தில் மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லும்படி பாயை அனுப்பினேன். பக்கத்துக் கட்டடத்துத் தவுக்கேயுடன், அதாவது முதலாளியுடன், அவர் வாசலில் நின்று மலாயில் வெகுநேரம் பேசினார். கையைக் கையை ஆட்டினார்கள். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பாய் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "நூறு பேரு உக்காந்து பேசுவாங்கன்னு சொன்னேம்மா. உங்க ஆளுங்கள மெதுவாப் பேசச் சொல்ல முடியுமான்னு அவரு கேக்குறாரு. சத்தத்துல குருவி பயந்து ஓடிருமாம்."

காதில் சொல்லும் சந்தை

கோலா மூடா பக்கம் ஒரு புதுக் கட்டடம் இருக்கிறது என்று புரோக்கர் கூட்டிப் போனார். கடல் காற்று அருமையாக வந்தது. இணையம்தான் சரியில்லை. ஒரே ஒரு லைன், அதுவும் அறுந்தால் சரிசெய்ய யார் வருவார்கள் என்று கேட்டதற்குப் புரோக்கர் கடலைப் பார்த்தார். திரும்பும்போது, "பாசார் பிசிக் பாத்திருக்கீங்களா?" என்றார். 'காதில் சொல்லும் சந்தை' என்று அர்த்தம்; கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்றதும் அங்கே கூட்டிப் போனார். படகிலிருந்து இறங்கும் மீனை அங்கே ஏலம் விடுகிறார்கள், ஆனால் யாரும் கத்துவதில்லை. கூடையில் மீனைக் கொட்டியதும் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏலக்காரர் தோளில் கையைப் போட்டு, காதில் விலையை முணுமுணுக்கிறார்கள். அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒருவரைத் தொடுகிறார். அவருக்கு மீன்.

வாழ்நாள் முழுக்க இரைச்சலில் பேசிய எனக்கு அங்கிருந்து கால் நகரவில்லை. இத்தனை பேர் கூடிய சந்தையில் அலை சத்தம் கேட்கிறது! சுங்கை பட்டாணியில் மீன் விற்கும் முனியாண்டி அண்ணன் அங்கே வழக்கமாக வாங்குகிறவர். அவரிடம் போய், "ஏண்ணே, ஒருத்தரு சொல்றது அடுத்தவருக்குத் தெரியக்கூடாதுன்னா இப்படி?" என்று கேட்டேன். ஐஸ் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "அதும் உண்டுதான் தங்கச்சி. ஆனா கத்திப் பேசுனா ஆளு மூஞ்சத் திருப்பிக்குவான்லா. மெதுவாப் பேசிப் பாருங்க, அவனே காதக் கொண்டாந்து நம்ம வாய்கிட்ட வைப்பான்."

சாப்பிட்டாச்சா அங்கிள்?

இடம் மட்டும் போதாது. அந்த ஊரில் பேசத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். சுங்கை பட்டாணியில் ஒரு மண்டபத்தில் குரல் தேர்வு வைத்தோம். எங்கள் பயிற்சியாளர் ரமேஷுக்குத்தான் கோபக்கார வாடிக்கையாளர் வேஷம். போனில் பிறர் தன்னைத் திட்டியதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்து, தேர்வுக்கு வருகிறவர்கள் மேல் கொட்டுவது அவருக்கு ஒரு நிம்மதி. மிஸ் டான் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கேட்டு மார்க் போடுவார். காலையில் வந்தவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். பட்டதாரி ஒருவர் ரமேஷைத் திருப்பித் திட்டிவிட்டார்.

மத்தியானம் கோகிலா வந்தார். முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள். சிடாம் கிரி பக்கம் எஸ்டேட் வீட்டிலிருந்து வருகிறார். கையுறை பேக்டரியில் எட்டு வருஷம் வேலை, இப்போது அங்கே ஆள் குறைக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் அவருடைய இங்கிலீஷ் ரொம்ப மோசம். ரமேஷ் ஆரம்பித்தார்: ரூமில் ஏர்கான் ஓடவில்லை, மூன்று தடவை போன் பண்ணியாகிவிட்டது, யாருக்கும் மூளை இல்லை, மேனேஜரைக் கூப்பிடு! கோகிலா குறுக்கே பேசவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தினதும், "சாரி ஆ அங்கிள். யூ ஈட் ஆல்ரெடி ஆர் நாட்?" என்றார். ரமேஷ் தடுமாறி, இன்னும் இல்லை என்றார். "ஓகே, யூ டெல் மீ ஸ்லோலி. ஐ ரைட் ஒன் பை ஒன். வீ பினிஷ் திஸ், தென் யூ கோ ஈட்." பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, திருப்பி வாசித்தும் காட்டினார். ஒரு விவரம்கூட விடவில்லை. வீடியோவில் மிஸ் டான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரமேஷிடம், அடுத்தது என்ன என்று கேட்டார். ரமேஷ் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "எனக்கு என்ன கோவம்னே மறந்து போச்சு மிஸ். உண்மையிலேயே பசிக்குது."

பஸ் எங்கே நிற்கும்?

ஆட்கள் கிடைத்தார்கள், ஆனால் பாதிப் பேர் எஸ்டேட்டுகளிலும் தாமான் என்கிற சின்னக் குடியிருப்புகளிலும் சிதறிக் கிடந்தார்கள். சுங்கை பட்டாணியில் எனக்கு இரண்டு கட்டடம் பிடித்திருந்தது. ஒன்று ஹைவே பக்கம், கண்ணாடி முகப்புடன் பளபளவென்று. இன்னொன்று டவுனில் பழைய பர்னிச்சர் கடையின் மேல்மாடி. எதற்கு ஆட்களால் வந்து சேர முடியும் என்று பார்க்க, கோகிலா போகும் பேக்டரி பஸ்ஸில் நானும் ஒரு விடிகாலை ஏறினேன். ஓட்டுகிறவர் மணியம் அண்ணன். இருபது வருஷமாக அதே ரூட். யாருக்கு முழங்கால் வலி, யார் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வருவார், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு நிறுத்தத்தில் யாருமே இல்லை. ஆனாலும் நின்றார். ஒரு நிமிஷம் கழித்து ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒருவர் டிபன் டப்பாவுடன் ஓடி வந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலா அப்போதுதான் கேட்டார். "மிஸ், இது உண்மையிலேயே தொறப்பீங்களா?" முன்பு ஒரு கம்பெனி வந்து இப்படித்தான் தேர்வு வைத்ததாம். இவர் தங்கை அதை நம்பி இருந்த வேலையை விட்டுவிட்டார். கம்பெனி வரவே இல்லை. பத்து மாதம் தங்கை வேலையில்லாமல் இருந்தார். முடிவு என் கையில் இல்லை என்றேன். அது உண்மைதான், ஆனால் சொல்லும்போது நன்றாக இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது மணியம் அண்ணனிடம் இரண்டு கட்டடத்தையும் சொல்லி, எது நல்லது என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஹைவே கிட்ட பஸ் நிறுத்த விடமாட்டான்மா. கட்டடத்த நீங்க பாருங்க, இந்தப் பொம்பளைங்க இறங்கி ரோட்ட எங்க தாண்டுவாங்கன்னு அதயும் பாருங்க."

எழுத்தில் வேண்டும்

முடிவு சொல்லும் நாளில் வீடியோவில் மிஸ் டானும் அவருக்கு மேலே இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் கையில் வேறு நாட்டில் ஒரு கட்டடத்தின் படம் தயாராக இருந்தது. கண்ணாடி முகப்பு, முன்னால் நீரூற்று. நான் காட்டியது மணியம் அண்ணன் தன் கையால் எழுதிக் கொடுத்த நிறுத்தங்களின் பட்டியல். எங்கள் ஆட்களில் யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார்கள் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தேன். ஒருவர், "பஸ் ரூட்டைக் காட்டத்தான் நான்கு மாதம் எடுத்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆட்கள் வேலையை விட்டுப் போவது சம்பளத்தால் மட்டும் இல்லை, வீடு திரும்ப வழியில்லாமலும்தான் என்பதை நானே பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன். மிஸ் டான் கோகிலாவின் குரல் தேர்வுப் பதிவைப் போட்டுக் காட்டினார். ஏர்கான் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. 'தென் யூ கோ ஈட்' என்ற இடத்தில் மூன்று பேரும் சிரித்தார்கள்.

சாயந்திரம் முடிவு வந்தது. நூறு நாற்காலி இல்லை, நாற்பதுதான். பர்னிச்சர் கடை மேல்மாடி. மிச்சம் அறுபது பேரை நினைத்து எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. முதல் போன் கோகிலாவுக்குப் போட்டேன். "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. தொறக்கறோம். கண்டிப்பாத் தொறக்கறோம்." போனில் பேசுவதற்காகவே நாங்கள் தேர்ந்தெடுத்த அந்தப் பெண் சொன்னார்: "சந்தோஷம் மிஸ். ஆனா எழுத்துல அனுப்புங்க. போன்ல சொல்றத நான் நம்புறது இல்ல."

மழை

நாங்கள் திறந்து சில வாரம் ஆகியிருந்தது. ஹோட்டல் கம்பெனிக்கு ஒரு விதி: எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது. ஒரு மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் அம்மா கோகிலாவிடம் பொரிந்துகொண்டிருந்தார். மகன் கல்யாணத்துக்கு மூன்று ரூம் போட்டார்களாம். மூன்றும் வேறு வேறு மாடியில் கொடுத்துவிட்டார்களாம், சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போய்விட்டதாம். மேற்பார்வைக்காக நானும் அந்த லைனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கட்டடம் பார்த்தது வெயில் காலத்தில். அந்த மேல்மாடிக்குத் தகரக் கூரை. அன்றைக்குத்தான் கெடா மழை என்றால் என்ன என்று அது எங்களுக்குக் காட்டியது. கூரைமேல் சரளைக் கல்லைக் கொட்டினது போல ஒரு சத்தம். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் ஹெட்செட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றார் அந்த அம்மா. "மழைங்க அம்மா" என்றார் கோகிலா. "இங்க வெயில் கொளுத்துது. எந்த ஊரு நீ?" கோகிலா என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். "ஆபீசுக்குள்ளதான் இருக்கேம்மா" என்றார், பொய் சொல்லாமல். இந்தப் பதிவை மிஸ் டான் கேட்பார். மூன்று ரூமையும் ஒரே மாடிக்கு மாற்றும் வேலையைக் கோகிலா அதற்குள் முடித்து, ரூம் எண்களை வாசித்தார். மழையில் எதுவும் கேட்கவில்லை. அவர் கத்தவில்லை. மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து, ஒவ்வொரு எண்ணாக மெதுவாகத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாவும் பொறுமையாக எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்தபின், திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்னார்: "ஆபீசுக்குள்ளயே இப்படி மழை பேஞ்சா முதல்ல ஒரு குடை வாங்கி வைக்கச் சொல்லும்மா. நீ நனைஞ்சு காய்ச்சல்ல படுத்துட்டா அடுத்த தடவை நான் யார்கிட்ட பேசறது?"

இடம் பார்க்கும் வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது என்று நம்பி நாம் கையெழுத்துப் போடும்வரைக்கும் மழை பொறுமையாகக் காத்திருக்கும்.