சக்குபள்ளத்தில் வேண்டாமென்ற சாயா

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. அஞ்சு பெத்து அஞ்சையும் ஆளாக்கினவள். கடைக்குட்டி சரசு, புருசனுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை கிடைத்து இடுக்கி மலையில் சக்குபள்ளம் போனாள். "அம்மா, இங்க ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்லை. தோட்டத்துக்குப் போற ஜீப்புலயும் சேத்துக்க மாட்டேங்கறாங்க" என்று போனில் அழுதாள். கூட்டி வந்துவிடுவது என்று பெரிய பையோடு கிளம்பினேன்.

விடியக்காலை அஞ்சு மணிக்கு எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் பஸ். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று மாறி மாறி ஏறினேன். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கம்பம் வந்து சேர மத்தியானம் ரெண்டு மணி. மலை ஏறிக் கம்பம்மெட்டில் ஜீப் பிடித்தேன், அறுபது ரூபாய்.

"என்ன பாட்டி, காலிப் பை? ஏலக்கா கடத்தவா?" என்றான் டிரைவர்.

"எம்மவ துணிமணி கட்டறதுக்கு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

சரசு வீட்டுப் படி ஏறுமுன்னே பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் கூப்பிட்டாள். ஜீப்பில் யாரைச் சேர்ப்பது என்று சொல்கிறவள் அவள்தான். "வாங்க பெரியம்மா, கட்டன் சாயா குடிக்கீகளா?" பால் விடாத டீ அது.

"வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன்."

எங்கள் பக்கம் அப்படித்தான். முதலில் வேண்டாம் என்போம், ரெண்டு மூணு தரம் வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். அவள் வற்புறுத்தவில்லை. "மகளப் போலத்தான் ஆத்தாளும். நம்ம வீட்டுத் தண்ணி இவுகளுக்கு ஆகாது" என்று உள்ளே போனாள்.

நீயும் இப்படித்தான் வேண்டாமென்றாயா என்று சரசிடம் கேட்டேன். "கேட்ட ஒடனே கை நீட்டக் கூடாதுன்னு நீதானே சொல்லிக் குடுத்த? எல்லா ஊட்லயும் வேண்டாம்னுதான் சொன்னேன்."

எனக்கு நிலைகொள்ளவில்லை. உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். யாரிடமும் கேட்டு வாங்கிக் குடித்தவள் இல்லை நான். பொழுது சாயுமுன் சரசு கையைப் பிடித்துக்கொண்டு செல்லத்தாய் வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க, அந்தச் சாயா இருக்குதுங்களா?"

"ஆறிப் போச்சே."

"ஆறினதே குடுங்க. இவளுக்கும் சேத்து. எங்கூர்ல மூணு தரம் கேக்கோணுமுங்க, நீங்க ஒரு தரத்தோட உட்டுட்டீங்க."

செல்லத்தாய் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "மூணு தரமா? அதுக்குள்ள ஜீப்பு போயிரும் பெரியம்மா." அடுப்பில் புதுத் தண்ணீர் வைத்தாள்.

காலையில் வாசலில் ஹாரன். "ஏ சரசு, வாரியா? ஒரு தரந்தான் கேப்போம்." சரசு தலைகூடச் சீவாமல் சோத்துத் தூக்குப்போசியோடு ஓடினாள். அவள் உட்கார நாலு பேர் நகர்ந்ததைப் பார்த்த பிறகுதான் நான் பையை மடித்தேன்.

எங்கள் ஊர் உபசாரம் பெரிசுதான். ஆனால் அது எங்கள் ஊருக்கு மட்டும்தான் புரியும் போல. திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு.

பேத்தி தேவி கண்ணு, இதெல்லாம் நானே எழுதினது, என் எழுத்து கோணல்மாணல். எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. முடிச்சதும் சாயா வேணுமான்னு கேளு. ஒரு தரம் கேட்டாப் போதும்.